சொல்லின் எடை எங்கே இருக்கிறது?
ஆங்கிலத்திலும் டச்சு மொழியிலும் அசை அழுத்தம்



அயல்மொழி ஒன்றைப் பேசும்போது சில வேளைகளில் நமக்கு ஒரு திகைப்பு ஏற்படுகிறது. நாம் சொன்னது சரியான சொல்தான். இலக்கணத்திலும் பிழை இல்லை. ஆயினும் எதிரில் இருப்பவர் புரியாமல் பார்க்கிறார். இன்னொரு முறை சொல்லுங்கள் என்கிறார். நாமும் அதே சொல்லை அதே விதமாகத் திரும்பச் சொல்கிறோம். அப்போதும் அவருக்கு விளங்குவதில்லை. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் அவர்கள் நாவைக் கட்டிவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்கும் பிள்ளையின் அறிவுக்கும் தொடர்பு இல்லை. சொல்லின் எடையை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்த எடையை மொழிநூலார் அழுத்தம் என்பர். ஆங்கிலத்திலும், அதன் உறவு மொழியான டச்சிலும் இந்த அழுத்தம் எவ்வாறு ஒலிக்கிறது, எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. பதினைந்து என்பதற்கு ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன். ஐம்பது என்பதற்கு ஃபிஃப்டி. கடைக்காரர் விலை சொல்கிறார். பதினைந்து வெள்ளியா, ஐம்பது வெள்ளியா? மருந்து கொடுப்பவர் கணக்குச் சொல்கிறார். பதினைந்து மாத்திரையா, ஐம்பதா? இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல் காதில் விழுகின்றன. ஆங்கிலேயர் இவற்றைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களில் ஒன்று அழுத்தம். ஐம்பதைச் சொல்லும்போது முதல் அசை ஓங்கும். பின் அசை சட்டென்று முடிந்துவிடும். பதினைந்தைத் தனியே சொல்லும்போது பின் அசை ஓங்கி நீளும்.

இந்நூலில் படிப்போரின் வசதிக்காக, அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் ஒரு சிறு நிமிர்கோடு இட்டுக் காட்டுகிறோம். ஐம்பது: ˈஃபிஃப்-டி. பதினைந்து: ஃபிஃப்-ˈடீன். பதின்மூன்றும் முப்பதும், பதினான்கும் நாற்பதும் இப்படியே. ஆனால் ஓர் எச்சரிக்கை. எண்களை வரிசையாக எண்ணும்போதும், எண்ணை அடுத்து வேறு சொல் வரும்போதும் பதினைந்தின் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடுவது உண்டு. ஆகவே காசும் மருந்தும் சம்பந்தப்பட்ட இடங்களில் ஒன்று ஐந்தா, ஐந்து சுழியமா என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலேயரும் தொலைபேசியில் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அசை என்று இங்கே சொல்வது யாப்பில் வரும் நேரசை, நிரையசை அன்று. ஓர் உயிரொலியும் அதைச் சார்ந்து நிற்கும் மெய்யொலிகளும் சேர்ந்த ஒலித்துண்டையே அசை என்கிறோம். பல அசைகள் கொண்ட ஆங்கிலச் சொல் எதுவாயினும் அதில் ஓர் அசை தலைமை ஏற்கும். மற்றவை அதற்கு அடங்கி நடக்கும்.

தலைமை ஏற்பது என்றால் உரக்கக் கத்துவதா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். லண்டனில் டென்னிஸ் ஃபிரை என்ற ஒலிநூல் அறிஞர் 1955ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் தம் ஆய்வுகளை வெளியிட்டார். கருவியால் உண்டாக்கிய சொற்களில் ஒலியின் நீளம், உரப்பு, சுருதி ஆகியவற்றை வெவ்வேறாக மாற்றி மக்களுக்குக் கேட்கக் கொடுத்தார். எந்த அசையில் அழுத்தம் இருக்கிறது என்று அவர்களைக் கேட்டார். உரப்பைவிட நீளமே அவர்கள் முடிவை அதிகம் மாற்றியது. சுருதி மாறும் இடம் அவற்றினும் வலிய அடையாளமாக இருந்தது. ஆகவே அழுத்தம் என்பது பெரும்பாலும் அசையைச் சற்று நீட்டுவதும், குரலின் ஏற்ற இறக்கத்தை அங்கே காட்டுவதும், அந்த உயிரொலியைத் தெளிவாக ஒலிப்பதும்தான். தொண்டையை வருத்த வேண்டியதில்லை.

நம் தமிழில் நிலைமை வேறு. பல் என்றால் ஒன்று, பால் என்றால் வேறு. கல் வேறு, கால் வேறு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று நம் இலக்கணம் அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவு மாறினால் பொருள் மாறும். ஆனால் பள்ளிக்கூடம் என்னும் சொல்லில் எந்த இடத்தில் குரலை ஓங்கினாலும் அது பள்ளிக்கூடம்தான். அழுத்தத்தின் இடம் மாறியதால் ஒரு தமிழ்ச் சொல் வேறு சொல்லாகிவிடுவதில்லை. எனவே நம் காது சிறு வயது முதல் நீளத்தைக் கவனிக்கப் பழகியிருக்கிறது. அழுத்தத்தைத் தேடப் பழகவில்லை.

ஆங்கிலத்தில் அழுத்தத்தின் இடம் மாறினால் சில சொற்களின் வேலையே மாறிவிடுகிறது. ரப்பரையும் செம்பனை எண்ணெயையும் நாம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறோம். ஏற்றுமதி என்னும் பெயர்ச்சொல் ˈஎக்ஸ்-போர்ட். ஏற்றுமதி செய் என்னும் வினைச்சொல் எக்ஸ்-ˈபோர்ட். எழுத்தில் இரண்டும் ஒன்றே. அனுமதிச் சீட்டு ˈபர்-மிட். அனுமதி கொடு என்பது பர்-ˈமிட். பதிவேடு ˈரெக்-கோர்ட், பதிவு செய் என்பது ரி-ˈகோர்ட். பெயரானால் முன், வினையானால் பின் என்று இந்த இணைகளை நினைவில் வைக்கலாம். எல்லாச் சொற்களுக்கும் இது பொருந்தாது. ரிப்போர்ட் என்ற சொல் பெயரானாலும் வினையானாலும் ரி-ˈபோர்ட்தான்.

இத்தகைய இணைகள் ஆதியிலிருந்தே ஆங்கிலத்தில் நிறைந்து கிடந்தவை அல்ல. 1570ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் அகராதி, அசை அழுத்தத்தையும் குறித்துக் காட்டியது. அதில் இவ்வாறு பெயருக்கும் வினைக்கும் அழுத்தம் மாறும் சொற்கள் மூன்றே மூன்று. அவுட்லா, ரெபல், ரெக்கோர்ட் என்பவை அவை. அதன் பின்னர் நூற்றாண்டுதோறும் பல சொற்கள் அந்தப் பந்தியில் வந்து அமர்ந்தன.

அடுத்து, ஒரே குடும்பத்துச் சொற்களைப் பாருங்கள். நிழற்படம் ˈஃபோ-ட்ட-கிராஃப். படம் எடுப்பவர் ஃப-ˈட்டோ-க்ர-ஃபர். படம் சார்ந்தது ஃபோ-ட்ட-ˈகிராஃ-பிக். தாய்ச்சொல் ஒன்றே. ஆனால் பின்னொட்டு மாறும்போது தலைமை முதல் அசையிலிருந்து இரண்டாம் அசைக்கும், பிறகு மூன்றாம் அசைக்கும் போகிறது. தலைமை இழந்த அசையின் உயிரொலி என்ன ஆயிற்று என்பதையும் கவனியுங்கள். முதற்சொல்லில் ஃபோ என்று நிறைந்து நின்ற ஒலி, இரண்டாம் சொல்லில் ஃப என்று தேய்ந்துவிட்டது.

இந்தத் தேய்வுதான் ஆங்கிலத்தின் தனிப்பண்பு. வாழைப்பழத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று இடத்தில் ஒரே உயிரெழுத்தை எழுதுகிறார்கள். படிக்கும்போது நடுவில் உள்ளது மட்டும் முழு ஒலி பெறுகிறது. இருபுறமும் உள்ளவை, வாயைப் பாதி திறந்து சோம்பலாக விடும் ஒரு மெலிந்த ஒலியாகிவிடுகின்றன: ப-ˈனா-ன. காய்கறியை நாம் வெ-ஜி-டே-பிள் என்று நான்கு அசையாக, ஒவ்வொன்றுக்கும் பங்கு கொடுத்துச் சொல்கிறோம். ஆங்கிலேயர் ˈவெஜ்-ட-பிள் என்று மூன்றில் முடித்துவிடுகிறார்.

உயிரொலி தன் அளவில் குறைவது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. நாடு, பாக்கு, எஃகு என்னும் சொற்களின் இறுதி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது. அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர். தொல்காப்பியரே இதை விளக்கியிருக்கிறார். நாம் சில இடங்களில், சில எழுத்துகளுக்கு மட்டும் இந்தக் குறுக்கத்தை அனுமதிக்கிறோம். ஆங்கிலமோ அழுத்தம் இழந்த உயிரொலிகளில் பெரும்பாலானவற்றை இவ்வாறு குறுக்கிவிடுகிறது. குற்றியலுகரம் படித்த பிள்ளைக்கு இதை எடுத்துக் காட்டினால் எளிதில் விளங்கும்.

இனி டச்சு மொழிக்கு வருவோம். நெதர்லாந்து நாட்டிலும் பெல்ஜியத்தின் வடபகுதியிலும் பேசப்படும் மொழி அது. அந்தப் பெயர் நமக்கு அந்நியமன்று. 1641ஆம் ஆண்டில் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியவர்கள் டச்சுக்காரர்களே. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலாக்கா ஆங்கிலேயருக்குச் சேர்ந்தது. மலாக்காவில் அவர்கள் கட்டிய சிவப்புக் கட்டடத்தின் பெயரில் வீட்டைக் குறிக்கும் டச்சுச் சொல் இருக்கிறது. ஆங்கிலேயர் ஹவுஸ் என்று சொல்வதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இரு மொழிகளும் ஒரே ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சொல்லின் வேர்ப்பகுதியில், பெரும்பாலும் முதல் அசையில், அழுத்தம் வைப்பது அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம்.

டச்சிலும் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறும். ˈஃபோர்-கோ-மன் என்றால் நிகழ்தல். ஃபோர்-ˈகோ-மன் என்றால் நிகழாமல் தடுத்தல். எண்ணிப் பாருங்கள், நேயர்களே! ஒரு விபத்தைப் பற்றிப் பேசும்போது, அது நிகழ்ந்ததா, தடுக்கப்பட்டதா என்னும் பெரிய வேறுபாடு, குரல் எந்த அசையில் ஓங்குகிறது என்பதில் தொங்குகிறது. ˈகா-னொன் என்றால் சமய நூல்களின் அதிகாரத் தொகுதி. கா-ˈனொன் என்றால் பீரங்கி.

எழுத்தில் இவை ஒன்றுபோல் இருந்தால் குழப்பம் அல்லவா? டச்சுக்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐயம் வரக்கூடிய இடத்தில், அழுத்தம் பெறும் உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இடுவார்கள். அந்தக் கோடு முன்னே இருந்தால் நிகழ்தல். பின்னே இருந்தால் தடுத்தல். ஒன்று என்னும் எண்ணுப்பெயருக்கும், ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல்லைப் போன்ற 'ஒரு' என்பதற்கும் டச்சில் ஒரே எழுத்துகள்தாம். அழுத்தி ஒன்று என்று சொல்ல வேண்டும்போது அதன் உயிரெழுத்துகள் மீது கோடு இட்டு எழுதுவார்கள். ஆங்கில எழுத்திலோ அன்றாட வழக்கில் அத்தகைய கோடு இல்லை. படிப்பவரே இடம் அறிந்து ஒலிக்க வேண்டும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு இருக்கும் பெருந்தொல்லை இதுவே.

உறவு மொழிகளாயினும் இரண்டுக்கும் இரு முக்கிய வேறுபாடுகள் உண்டு. முதலாவது, டச்சில் அழுத்தம் இல்லாத உயிரொலிகள் ஆங்கிலத்தில் தேயும் அளவுக்குத் தேய்வதில்லை. வாழைப்பழம் டச்சில் பா-ˈநான். முதல் அசை அழுத்தம் பெறாவிட்டாலும் தன் ஒலியை இழக்கவில்லை.

இரண்டாவது, பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் திரளாகப் புகுந்தன. காலப்போக்கில் ஆங்கிலேயர் அவற்றுள் பலவற்றின் அழுத்தத்தைத் தம் வழக்கப்படி முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். டச்சுக்காரரும் பிரெஞ்சு, லத்தீன் சொற்களைக் கடன் பெற்றார்கள். ஆனால் அழுத்தத்தைப் பெரும்பாலும் இறுதியிலேயே விட்டுவைத்தார்கள். ஆகவே மாணவன் ஆங்கிலத்தில் ˈஸ்டூ-டன்ட், டச்சில் ஸ்ட்யூ-ˈடென்ட். இசை ஆங்கிலத்தில் ˈம்யூ-சிக், டச்சில் ம்யூ-ˈசீக். கணம் என்பது ஆங்கிலத்தில் ˈமோ-மன்ட், டச்சில் மோ-ˈமென்ட். அலுவலகத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லான கன்-ˈடோர் என்பதும் பிரெஞ்சிலிருந்து போனதே. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பது அதிலிருந்து வந்தது. அவர்கள் அந்த இறுதி அசையின் நீட்சியைக் கேட்டு, அதை நெடிலாகவே எழுதிவைத்தார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. ஆங்கிலத்தின் அடுத்த வீட்டுக்காரரான டச்சுக்காரரும் ஆங்கிலம் கற்கும்போது அழுத்தத்தில் தடுமாறக்கூடும். அவர் நாவும் தாய்மொழியில் பழகிய நா. நம் நாவும் அப்படியே. ஆகவே ஒரு பிள்ளை அழுத்தத்தை இடம் மாற்றிச் சொன்னால் அதைக் கண்டு சிரிப்பது அறியாமை.

சரி, கேட்பவருக்கு ஏன் குழப்பம் வருகிறது? பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. காகிதத்தில்தான் இடைவெளி. கேட்பவர் தொடர்ந்து வரும் ஒலியை வெட்டிச் சொல் சொல்லாகப் பிரிக்க வேண்டும். ஆன் கட்லர் என்ற மொழியியல் அறிஞர் (1945–2022) இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். நெதர்லாந்தில் நைமேகன் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஆங்கில உரையாடலில் பொருள் தரும் முதன்மைச் சொற்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது, வலிய அசையில் தொடங்குகின்றன என்று அவரும் அவர் கூட்டாளியும் 1987ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். எனவே ஆங்கிலேயர் காதில் ஒரு வலிய அசை விழுந்ததும், இதோ புதிய சொல் தொடங்குகிறது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. நாம் எல்லா அசைகளையும் சமமாக ஒலித்தால், எங்கே வெட்டுவது என்று அவருக்குத் தெரிவதில்லை. வலிமையைத் தவறான இடத்தில் வைத்தால், தவறான இடத்தில் வெட்டிவிடுகிறார்.

அதே அறிஞரும் உடன் ஆய்ந்தோரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நமக்கு ஊக்கம் தருவது. ˈம்யூ-சிக், ம்யூ-ˈசீ-யம் என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் துண்டை மட்டும் ஒலிக்கச் செய்து, இது எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். இப்படிப் பல சொற்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட டச்சுக்காரர்கள் சிறப்பாகச் சரியான விடை சொன்னார்கள்! ஆங்கிலேயர் தேய்ந்த ஒலி எது, நிறைந்த ஒலி எது என்று பார்த்தே பழகியவர்கள். இரண்டும் நிறைந்த ஒலியாக இருந்தபோது அவர்கள் தடுமாறினார்கள். உயிரொலி அதிகம் தேயாத மொழியில் வளர்ந்த டச்சுக்காரரோ அழுத்தத்தையே கூர்ந்து கேட்டுப் பழகியவர்கள். பிறருடைய மொழியானாலும் பழக்கப்பட்ட காது அதை நன்கு கேட்கும் என்பதற்கு இது சான்று.

சொல்லைப் போலவே வாக்கியத்துக்கும் எடை உண்டு. மை பிரதர் கேம் எஸ்டர்டே என்கிறார் ஒருவர். அண்ணன் நேற்று வந்தார் என்பது பொருள். பிரதர் என்பதை அழுத்தினால், வந்தவர் அண்ணன்தான், வேறு யாரும் அல்லர். எஸ்டர்டே என்பதை அழுத்தினால், அவர் வந்தது நேற்றுத்தான். நாம் தான், ஏ என்னும் இடைச்சொற்களைச் சேர்த்துப் பெறும் பொருளை ஆங்கிலேயர் குரலாலேயே பெறுகிறார். அச்சில் சாய்ந்த எழுத்தால் அதைக் காட்டுவார்கள். டச்சுக்காரர் அதற்கும் தம் சாய்கோட்டைப் பயன்படுத்துவார்கள்.

நேயர்களே, இதை வீட்டில் பழகுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு ரப்பர் வளையம் போதும். நம் தோட்டத்து மரம் தந்த பொருள்தானே! பிள்ளை அதை இரு கட்டைவிரல்களில் மாட்டிக்கொள்ளட்டும். அழுத்தம் பெறும் அசையைச் சொல்லும்போது வளையத்தை இழுக்கட்டும். மற்ற அசைகளுக்குத் தளர்த்தட்டும். ப என்று தளர்வு, னா என்று இழுப்பு, ன என்று தளர்வு. உச்சரிப்புப் பயிற்சி தரும் ஆசிரியர்கள் கையாளும் முறை இது. கை இழுக்கும்போது குரலும் தானாக நீளும்.

இரண்டாவது, நல்ல ஆங்கில அகராதி ஒன்றைப் பார்க்கப் பழக்குங்கள். அழுத்தம் பெறும் அசையை அகராதிகள் சிறு கோட்டால் காட்டும். பல அகராதிகளில், நாம் இந்நூலில் இட்டிருப்பதைப் போலவே, கோடு அசைக்கு முன்னால் இருக்கும். சிலவற்றில் பின்னால் இருக்கும். முன்னுரையைப் படித்தால் தெரியும். புதிய சொல் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது பொருளோடு அந்தக் கோட்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சில பின்னொட்டுகளைத் தெரிந்துகொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் கைவரும். ஷன் என்று முடியும் சொற்களில் அதற்கு முந்திய அசை அழுத்தம் பெறும்: கல்வி எ-ஜு-ˈகே-ஷன், தோட்டம் பிளான்-ˈடே-ஷன். இக் என்று முடிவனவற்றுள் பெரும்பாலானவையும் அப்படியே: மின்சாரம் சார்ந்தது இ-ˈலெக்-ட்ரிக். ஈர் என்னும் பின்னொட்டு தானே அழுத்தம் பெறும்: பொறியாளர் எஞ்-ஜி-ˈனீர். இரு சொல் சேர்ந்து ஒரு பொருளின் பெயரானால் பெரும்பாலும் முதற்பகுதி ஓங்கும். வகுப்பறைக் கரும்பலகை ˈபிளாக்-போர்ட். கறுப்பு நிறமுள்ள ஏதோ ஒரு பலகை பிளாக் ˈபோர்ட்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் உதவலாம். பிள்ளை ஒரு சொல்லைப் படிக்கும்போது, எந்த அசையில் இழுத்தாய் என்று கேளுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில் இழுக்கிறதா என்று பாருங்கள். இதற்கு நீளத்தை அளந்து பழகிய தமிழ்க் காது போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆங்கிலேயரைப் போலவே பேசிக் காட்டுவது நம் நோக்கம் அன்று. நாம் பேசும் ஆங்கிலத்தில் நம் மண்ணின் சாயல் இருக்கலாம். அது குறை ஆகாது. நேர்முகத் தேர்விலும், மருத்துவமனையிலும், கல்லூரியிலும் நாம் சொல்வது பிறருக்கு விளங்க வேண்டும். பிறர் சொல்வது நமக்கு விளங்க வேண்டும். அதற்கு அழுத்தம் ஒரு கருவி. அதே பிள்ளை தமிழ் பேசும்போது, ஆங்கிலப் பழக்கத்தில் குறிலைத் தேய்த்தும் நெடிலைக் குறுக்கியும் பேசாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை. ஆங்கிலத்துக்கு அதன் எடையைக் கொடுப்போம். தமிழுக்கு அதன் மாத்திரையைக் கொடுப்போம்.

இன்று இரவு பாடப் புத்தகத்திலிருந்து பத்துச் சொற்களை எடுத்து, பிள்ளையின் கையில் ஒரு ரப்பர் வளையத்தைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகிய சொல்லை வகுப்பிலும் சொல்லத் துணிவு வரும்.